பிள்ளைக்குப் பிள்ளை சொல்லும் புத்தகம்

பிள்ளைகளின் படிப்பில் எங்கள் பெற்றோர் காட்டும் அக்கறைக்குக் குறைவில்லை. பனி கொட்டினாலும் காரை எடுத்துக்கொண்டு கணித வகுப்புக்கும் வயலின் வகுப்புக்கும் நீச்சலுக்கும் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறோம். கிராமர் பள்ளிக்கான பரீட்சைக்கு எட்டு வயதிலேயே ஆயத்தம் தொடங்கிவிடுகிறது. ஆனால், "உங்கள் பிள்ளை யாரும் சொல்லாமல் தானாக எடுத்து, கடைசிப் பக்கம்வரை வாசித்த புத்தகம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். பலருக்கு உடனே பதில் வராது. பயிற்சிப் புத்தகங்களின் பெயர்கள் வரும். கதைப் புத்தகம் ஒன்றின் பெயர் வருவது அருமை.

இது எங்கள் வீடுகளில் மாத்திரம் காணப்படும் குறையன்று. பிரித்தானியாவின் தேசிய எழுத்தறிவு அறக்கட்டளை பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றி வருடந்தோறும் கணிப்பு நடத்துகிறது. 2025-இல் 8 முதல் 18 வயது வரையுள்ளவர்களில் ஓய்வு நேரத்தில் வாசிப்பது தமக்கு விருப்பம் என்று சொன்னவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே. இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கிய 2005 முதல் இதுவே ஆகக் குறைந்த தொகையாகும்.

"வாசி, வாசி என்று சொல்லி வாய் நோகுது டொக்டர். போனைக் கீழே வைத்தால்தானே!" என்று தாய்மார் என்னிடம் முறையிடுவதுண்டு. அவர்களுடைய கவலை நியாயமானது. ஆனால் மருந்தைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஒரு பிள்ளையைப் புதிய புத்தகத்தின் பக்கம் திருப்புவதற்குப் பெரியவர்களுடைய நூறு புத்திமதிகளிலும் பார்க்க, இன்னொரு பிள்ளை சொல்லும் ஒரு வார்த்தைக்கு வலிமை அதிகம். அந்த வார்த்தை பிறப்பதற்கு இடமும் நேரமும் கொடுப்பதே எங்கள் வேலை. இதனைச் சில உண்மைச் சம்பவங்களைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

சாப்பாட்டு மேசை கற்பிக்கும் பாடம்

வைத்தியனாகையால் சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறேன். 1980-ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் லியான் பேர்ச் என்னும் அம்மையார் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு பாலர் பள்ளியில் எந்தப் பிள்ளைக்கு எந்த மரக்கறி விருப்பம் என்று முதலில் அறிந்துகொண்டார். பின்பு, ஒரு மரக்கறியை விரும்பாத பிள்ளையை, அதை விரும்பிச் சாப்பிடும் பிள்ளைகளோடு மதியச் சாப்பாட்டுக்கு இருத்தினார். யாரும் வற்புறுத்தவில்லை. "சத்து, சாப்பிடு" என்று ஒருவரும் உபதேசம் செய்யவில்லை. சில நாட்களிலேயே அந்தப் பிள்ளைகள் தாங்கள் ஒதுக்கி வைத்ததைத் தாங்களாகவே எடுக்கத் தொடங்கினார்கள்.

இதே துறையில் வந்த வேறு ஆய்வுகள் மற்றோர் உண்மையையும் காட்டின. ஒரு புதிய உணவைச் சிறு பிள்ளை ஏற்றுக்கொள்வதற்கு அதை எட்டுப் பத்துத் தடவை, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவைகூடக் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். நாங்களோ இரண்டு தடவை கொடுத்துவிட்டு, "இவனுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

புத்தகமும் அப்படித்தான். "இவளுக்கு வாசிப்பில் நாட்டமில்லை" என்று சொல்லுமுன், எத்தனை விதமான புத்தகங்கள் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன, அவற்றை விரும்பி வாசிக்கும் பிள்ளை யாராவது அவள் பக்கத்தில் இருந்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு சிலிங் கூலி பெற்ற விமர்சகன்

பிள்ளையின் வார்த்தைக்கு எவ்வளவு பெறுமதி உண்டு என்பதை இந்த நாட்டுப் பதிப்பாளர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். 1936-இல் ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் ரோல்கீன் எழுதிய "த ஹொபிற்" என்னும் கதையின் தட்டச்சுப் பிரதி லண்டன் பதிப்பாளர் ஸ்ரான்லி அன்வினிடம் வந்தது. சிறுவர் கதையைச் சிறுவர்தான் மதிப்பிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பத்து வயது மகன் ரெய்னரிடம் அதைக் கொடுத்தார். மகன் வாசித்துவிட்டுச் சிறிய அறிக்கை ஒன்று எழுதிக் கொடுத்தான். நன்றாக இருக்கிறது என்பதே அதன் சாரம். அதற்கு அவன் பெற்ற கூலி ஒரு சிலிங்.

1937 செப்டெம்பரில் அந்தப் புத்தகம் 1,500 பிரதிகளாக வெளிவந்து, அந்த வருடம் முடிவதற்குள்ளேயே தீர்ந்துபோயிற்று. இன்றுவரை அது அச்சிலிருக்கிறது. இன்னொரு சுவையான விஷயம்: அதே ரெய்னர் வளர்ந்து தந்தையின் பதிப்பகத்திலேயே சேர்ந்தார். ரோல்கீனின் அடுத்த பெருங்கதை நட்டத்தில் முடியலாம் என்ற அச்சம் இருந்தும், அதைத் துணிந்து 1954, 1955-ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட முன்னின்றவர் அவர்தான். பத்து வயதில் ஒருவனுடைய அபிப்பிராயத்தை மதித்ததன் பலன் எங்கே சென்று நின்றது என்று பாருங்கள்.

அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் இதே கதை நடந்தது. பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய ஒரு கையெழுத்துப் பிரதி புளூம்ஸ்பரி பதிப்பகத்துக்கு வந்தது. அதன் தலைவர் நைஜல் நியூட்டன் முதல் அத்தியாயத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் எட்டு வயது மகள் அலிஸிடம் கொடுத்தார். அவள் வாசித்துவிட்டு மிச்சம் எங்கே என்று தந்தையை நச்சரிக்கத் தொடங்கினாள். அதுதான் 1997-இல் வெளியான முதலாவது ஹரி பொட்டர் புத்தகம். கெட்டி அட்டைப் பதிப்பில் முதலில் அச்சிடப்பட்டவை 500 பிரதிகள் மாத்திரமே.

அனுபவம் மிக்க பெரியவர்கள் தவறவிட்டதை ஒரு சிறுமி கண்டுபிடித்தாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இத்தகைய கண் உண்டு. யாரும் அவர்களிடம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இரும்புக்கை கடல் கடந்த கதை

எங்கள் தலைமுறையினர் இதை மறந்துவிடக் கூடாது. நாங்கள் வாசிக்கப் பழகியது எப்படி? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்ன புத்தகங்களால் மாத்திரமா? ஊர் வாசிகசாலை வாங்கிலும், வகுப்பில் கொப்பிக்குள் ஒளித்து வைத்துமல்லவா வாசித்தோம்! அம்புலிமாமா இதழ் ஒன்று ஒரு வீட்டுக்கு வந்தால் அது ஒழுங்கை முழுவதும் சுற்றி, அட்டை கழன்ற பிறகே வீடு திரும்பும்.

எங்களில் பலருக்கு இரும்புக்கை மாயாவியைத் தெரியும். விபத்தில் கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட அந்த மனிதன், மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறைந்து கை மாத்திரம் தெரிய நடமாடுவான். சிவகாசியிலிருந்து 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதலாவது வெளியீடு அதுதான். அந்த மாயாவி பிறந்தது இந்த லண்டனில் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1962-இல் "வேலியன்ற்" என்னும் ஆங்கிலச் சிறுவர் வார இதழில் வெளிவந்த சித்திரக்கதையின் தமிழ் வடிவமே அது. இங்கிலாந்துச் சிறுவன் ஒருவன் விரும்பி வாசித்த கதை சிவகாசிக்குப் போய்த் தமிழாகி, கை மாறிக் கை மாறி எங்களிடம் வந்தது. அன்று எங்களுக்கு அதைத் தந்தவர்கள் எங்களையொத்த சிறுவர்களே. பெரியவர்களோ, "இதென்ன படக்கதை, பாடத்தைப் படி" என்று பறித்து வைத்தார்கள்.

அதே வார்த்தையை இன்று நாங்கள் எங்கள் பிள்ளைகளிடம் சொல்லலாமா? ஜெஃப் கினியின் "விம்பி கிட்" வரிசையையோ, பாதிக்கு மேல் படமாக இருக்கும் வேறொரு புத்தகத்தையோ கண்டவுடன் முகஞ் சுளிக்கும் பெற்றோர் உண்டு. படக்கதையும் வாசிப்பே. படியில் முதற் படியை உடைத்துவிட்டு மேல் மாடிக்கு ஏறச் சொல்லுதல் புத்தியன்று.

பந்திக்குக் காத்திருந்த வேளை

சில மாதங்களுக்கு முன் எங்கள் மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது காதில் விழுந்த சம்பாஷணை இது. பத்து வயதிருக்கும் ஒரு சிறுமி, தன்னிலும் ஒரு வயது குறைந்த ஒரு பையனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பையன் காற்பந்து விபரப் புத்தகங்களைத் தவிர வேறெதையும் தொடமாட்டான் என்று அவனுடைய தாயார் முன்பு என்னிடம் குறைப்பட்டிருந்தார்.

சிறுமி சொன்ன கதை, இலங்கையில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் நிஸ்ரானா ஃபரூக் எழுதி 2020-இல் வெளிவந்த, யானையைத் திருடிய சிறுமியின் கதை. பழைய இலங்கையை நினைவூட்டும் ஒரு தீவில் சாயா என்னும் துடுக்கான பெண் அரசியின் நகைகளைத் திருடிவிடுகிறாள். பழி அவளுடைய சினேகிதன்மேல் விழுகிறது. அவனைச் சிறை மீட்டு அரசனுடைய யானையிலேயே ஏறித் தப்புகிறாள். பையன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். "பிறகு யானைக்கு என்ன நடந்தது?" என்றான். "அதைச் சொல்ல மாட்டேன். நீ வாசி!" என்று சொல்லிவிட்டு அவள் பந்திக்கு ஓடிவிட்டாள்.

அடுத்த வாரம் அந்தத் தாயார் என்னைக் கண்டு, "நூல்நிலையத்தில் ஏதோ யானைப் புத்தகம் பதிந்து தரச் சொல்லி ஒரே கரைச்சல்" என்றார். இரண்டு வருடமாகப் பெற்றோர் சொல்லியும் நடக்காத காரியம் ஐந்து நிமிடத்தில் நடந்தேறியது. அந்தச் சிறுமி புத்திமதி சொல்லவில்லை. தனக்குப் பிடித்ததைச் சொன்னாள். மிச்சத்தைச் சொல்லாமல் விட்டாள்.

புதியதைத் தொட்டுப் பார்க்கும் துணிவு

சில பிள்ளைகள் ஒரே வரிசையை மீண்டும் மீண்டும் வாசிப்பார்கள். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பழகிய கதையில் பிள்ளைக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. அதிலிருந்து அடுத்த படிக்குப் போக ஒரு பாலம் தேவை. காற்பந்து விரும்பும் பிள்ளைக்குக் காற்பந்து வீரன் ஒருவனுடைய வாழ்க்கைக் கதை. அதிலிருந்து அகதியாக வந்த ஒரு சிறுவனுடைய கதை. 2018-இல் ஒன்ஜலி ரவூஃப் எழுதிய, வகுப்பின் கடைசி வரிசைப் பையனைப் பற்றிய புத்தகம் அத்தகையது. சிரியாவிலிருந்து வந்த ஒரு பிள்ளைக்குச் சக மாணவர்கள் காட்டும் அன்பைச் சொல்வது. அதை வாசித்த பிள்ளை, "அப்பா, நீங்களும் இப்படித்தான் வந்தீர்களா?" என்று கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்காகவே அதை வாசிக்கக் கொடுக்கலாம்.

புதியதைத் தொடுவதற்குத் துணிவு வேண்டுமானால், பிடிக்காததை விட்டுவிடும் சுதந்திரமும் வேண்டும். பிரெஞ்சு எழுத்தாளரும் ஆசிரியருமான டானியல் பெனாக் 1992-இல் வாசகனுடைய பத்து உரிமைகளைப் பட்டியலிட்டார். பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமையும், புத்தகத்தை முடிக்காமல் வைத்துவிடும் உரிமையும் அவற்றுள் அடங்கும். தொடங்கியதை முடித்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், பிள்ளை அடுத்த தடவை எதையும் தொடங்காது.

வைத்தியனுடைய சில குறிப்புகள்

புத்தகத்தையே மருந்துபோல் கொடுக்கலாம் என்று வைத்தியர்கள் கண்டுகொண்டதும் உண்டு. 1989-இல் அமெரிக்காவில் பொஸ்ரன் நகர மருத்துவமனையில் குழந்தை வைத்தியர்கள், பரிசோதனைக்கு வரும் பிள்ளைக்கு ஒரு புத்தகத்தையும் கையில் கொடுத்து, பெற்றோருக்கு வாசித்துக் காட்டும் முறையைச் சொல்லி அனுப்பினார்கள். அது பின்னர் நாடளாவிய இயக்கமாக வளர்ந்தது. இந்த நாட்டில் 1992-இல் பேர்மிங்ஹாமில் 300 குழந்தைகளுக்குப் புத்தகம் கொடுத்துத் தொடங்கிய "புக்ஸ்ராற்" திட்டமும் அவ்வாறே பெருகியது.

வாசிக்க மறுக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுமுன் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, கண். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தேசிய சுகாதார சேவையின்கீழ் கண் பரிசோதனை இலவசம். எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று பிள்ளை சொல்லாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று எண்ணிக்கொண்டிருக்கும். இரண்டாவது, டிஸ்லெக்சியா என்னும் எழுத்துணர்வுக் குறைபாடு. இதற்கும் புத்திக்கும் சம்பந்தமில்லை. சந்தேகமிருந்தால் பள்ளி ஆசிரியரிடம் பேசுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. இத்தகைய பிள்ளைகள் ஒலிப்புத்தகங்களைக் கேட்கலாம். காதால் வாசித்தாலும் கதை கதைதான்.

மற்றையது, நாள் முழுவதும் அறைக்குள் இருத்தலும் நன்றன்று. நல்ல வெளிச்சத்தில், புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் பிடிக்காமல் வாசிக்க வேண்டும். வெளியில் விளையாடும் நேரம் கிட்டப்பார்வையைத் தடுக்க உதவுகிறது என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. தினமும் இரண்டு மணி நேரம் வெளிச்சூரிய ஒளி கிடைப்பது நல்லது.

நாங்கள் செய்யக்கூடியவை

முதலாவதாக, நூல்நிலையம். பிறந்த குழந்தையும் இங்கே இலவசமாக அங்கத்தவராகலாம். 1999 முதல் பொது நூல்நிலையங்களில் கோடை வாசிப்புப் போட்டி நடைபெறுகிறது. ஆரம்பப் பள்ளிச் சிறுவர்கள் விடுமுறையில் தாமே தெரிந்த புத்தகங்களை வாசித்துச் சான்றிதழ் பெறலாம். வளர்ந்த பிள்ளைகள் அங்கே தொண்டர்களாக நின்று சிறியவர்கள் சொல்லும் கதையைக் கேட்கலாம். 1980 முதல் சிறுவர்களே வாக்களித்துத் தெரிவுசெய்யும் சிறுவர் நூற்பரிசு ஒன்றும் உண்டு. அதன் பட்டியலைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

ஒரு நூல்நிலையம் அழிந்தால் ஒரு சமூகத்துக்கு என்ன நேரும் என்பதை 1981-இல் யாழ்ப்பாணத்தில் கண்டவர்கள் நாங்கள். ஏறக்குறைய 97,000 நூல்கள் தீயில் வெந்தன. இந்த நாட்டிலோ, தீ வைக்க யாரும் வேண்டியதில்லை. 2010-க்குப் பின் நூற்றுக்கணக்கான நூல்நிலையங்கள் பணமில்லை, போவாரில்லை என்ற காரணங்களால் சத்தமின்றி மூடப்பட்டிருக்கின்றன. உங்கள் பிள்ளை ஒரு புத்தகத்தை இரவல் எடுக்கும்போது, அந்தக் கதவைத் திறந்து வைக்கவும் உதவுகிறது.

இரண்டாவதாக, எங்கள் மண்டபம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து பெற்றோர் வரும்வரை பிள்ளைகள் கால் மணி நேரம் சும்மா நிற்கிறார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் ஒரு பிள்ளை எழுந்து தனக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லட்டும். மூன்று கேள்விகள் போதும்: எந்த இடத்தில் புத்தகத்தை மூட மனம் வரவில்லை? எது பிடிக்கவில்லை? இங்கிருப்பவர்களில் யாருக்கு இது பிடிக்கும்? முடிவை மாத்திரம் சொல்லக் கூடாது என்பது விதி. வாசித்தது ஆங்கிலமாயிருந்தாலும் சொல்வது தமிழில் இருக்கட்டும். இடையில் ஆங்கிலச் சொற்கள் கலந்தால் நாங்கள் திருத்த வேண்டாம். சொல்ல ஆசைப்பட்ட கதை ஒன்று இருந்தால் சொற்களைப் பிள்ளை தேடிக்கொள்ளும். வகுப்பில் பத்து வாரம் வராத தமிழ் அங்கே வந்துவிடும் என்பது என் நம்பிக்கை.

மண்டபத்து மூலையில் ஓர் அலுமாரி வைத்தால், பிள்ளைகள் தாம் வாசித்து முடித்ததை வைத்து இன்னொன்றை எடுத்துப் போகலாம். வாணி விழாவுக்குப் பாடப் புத்தகங்களோடு ஒரு கதைப் புத்தகத்தையும் அடுக்கச் சொல்லலாம்.

மூன்றாவதாக, பெரியவர்களாகிய நாங்கள். பிள்ளை ஒரு புத்தகத்தைப் புகழ்ந்தால் அதை வாங்கி நாமும் வாசித்துப் பார்க்க வேண்டும். அம்மம்மா, அப்பப்பா ஆகியோரும் பேரப்பிள்ளையிடம் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். வாசித்து முடித்தவுடன் கேள்விக்கொத்து நீட்டிப் பரீட்சை வைக்க வேண்டாம். அதற்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது.

இதற்குப் பெருஞ் செலவில்லை. பெருங் குழுவும் தேவையில்லை. அடுத்த ஞாயிறு காரில் வரும் வழியில் உங்கள் பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "உன் சினேகிதருக்கு நீ எந்தப் புத்தகத்தைச் சொல்வாய்?" பதில் வந்தால், அந்தப் புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். பதில் வராவிட்டாலும் கவலை வேண்டாம். சொல்வதற்கு ஒரு பிள்ளை மண்டபத்தில் நிச்சயம் காத்திருக்கும்.